ஸ்காவை விட்டபிறகு ஜமைக்கா போய்ச் சேர்ந்தவர்கள்: நோ டவுட் குழு, ஒரு நிகழ்வு ஆய்வு

நோ டவுட் என்ற அமெரிக்க ராக் குழுவை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு ‘டோன்ட் ஸ்பீக்’. அந்தப் பாட்டில் ஜமைக்காவின் துள்ளலிசையான ஸ்கா இல்லை, வேகமும் கோபமுமான ராக் வகை பங்க்கும் இல்லை. மெதுவான தாளம், நைலான் கம்பி கிடாரில் ஒரு சின்னத் தனி வாசிப்பு, அடிபட்ட ஒரு பெண் குரல், அவ்வளவுதான். பத்து வருடம் கலிபோர்னியாவின் சின்னச் சின்ன அரங்குகளில் ஸ்கா வாசித்துத் தேய்ந்த ஒரு குழு, கடைசியில் ஸ்காவே இல்லாத பாட்டால் பெயர் வாங்கியது.

ஸ்கா-பங்க் ரசிகர்களுக்கு இது இன்றுவரை ஆறாத புண். ‘காசுக்காக மாறிப்போனார்கள்’ என்பது அவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு. இந்தக் குழுவின் ஆல்பங்களை முதலில் இருந்து வரிசையாகக் கேட்டால் வேறொன்று தெரிகிறது. ஒலி மாறிய ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் அறைக்குள் ஓர் ஆள் குறைந்திருக்கிறார், அல்லது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஒரு மரணம், ஒரு அண்ணனின் விலகல், ஒரு காதல் முறிவு, ஒரு தீவுப் பயணம், பிறகு ஒரு நீண்ட வராமை. சந்தையும் தன் வேலையைச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் சந்தையை மட்டும் வைத்து இந்தக் கதையைச் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

அரை இடத்தில் விழும் அடி

முதலில் ஸ்கா என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ராக் இசையில் கிடார் பெரும்பாலும் எண்ணிக்கையோடு சேர்ந்து விழும். ஸ்காவில் எண்ணிக்கைக்கு நடுவே விழும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு அரை இடத்து எடுப்பு தெரிந்திருக்கும். தட்டு விழுந்து அரை மாத்திரை தள்ளிப் பாட்டு ஆரம்பிக்கும். அங்கே அது தொடங்கும் இடம் மட்டும்தான். ஸ்காவில் கிடார் முழுப் பாட்டிலும் அந்த அரை இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ‘சிக், சிக், சிக்’ என்று. அடியில் பேஸ் கிடார் நடந்துகொண்டே இருக்கும். மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன். கேட்பவருடைய கால் தரையில் நிற்காது.

இது 1950களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தது. தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைப் போட்டு ஆடிக்கொண்டிருந்த ஊர் அது. அந்தத் தட்டுகள் வருவது குறைந்தபோது தாங்களே பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். 1962இல் நாடு விடுதலை பெற்றபோது அந்தக் கொண்டாட்டத்தின் சத்தம் ஸ்கா. 1966 வாக்கில் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது. இரண்டே வருடத்தில் அது ரெகே ஆனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஜமைக்கா எந்த இசையையும் பத்து வருடம் அப்படியே வைத்திருந்ததில்லை.

இரண்டாவது சுற்று இங்கிலாந்தில். 1979இல் கவென்ட்ரியில் டூ டோன் என்ற சின்ன ரெக்கார்ட் நிறுவனம் தொடங்கியது. கறுப்பு வெள்ளைக் கட்டம் அதன் அடையாளம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே குழுவில் நின்று பங்க்கின் கோபத்தையும் ஸ்காவின் துள்ளலையும் சேர்த்து வாசித்தார்கள். ஸ்பெஷல்ஸ், செலக்டர், லண்டனில் இருந்து மேட்னஸ். இந்தத் தட்டுகள்தான் அமெரிக்கப் பையன்கள் கைக்குப் போய் மூன்றாவது சுற்றைக் கிளப்பின. அங்கே கிடாரில் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு ஏறியது, வேகம் இரட்டித்தது. அதுதான் ஸ்கா-பங்க்.

டிஸ்னிலேண்ட் நிழலில்

தெற்குக் கலிபோர்னியாவில் ஆரஞ்ச் கவுண்டி. அதில் அனஹைம், டிஸ்னிலேண்ட் இருக்கும் ஊர். அங்கே எரிக் ஸ்டெஃபானி என்ற பையன் வீட்டுக்கு மேட்னஸ் தட்டுகளைக் கொண்டுவருகிறான். தங்கை க்வென் கேட்கிறாள். பள்ளித் திறன் போட்டி மேடையில் அண்ணனோடு சேர்ந்து செலக்டர் குழுவின் பாட்டொன்றைப் பாடுகிறாள். டெய்ரி குயின் ஐஸ்கிரீம் கடையில் எரிக்கோடு வேலை பார்த்த ஜான் ஸ்பென்ஸும் சேர, 1986இல் குழு உருவாகிறது. எதற்கெடுத்தாலும் ‘நோ டவுட்’ என்று சொல்வது ஸ்பென்ஸின் வழக்கம். பெயர் அப்படித்தான் வந்தது.

பாடகர் ஸ்பென்ஸ்தான். க்வென் இரண்டாவது குரல். ஸ்பென்ஸ் மேடையில் குட்டிக்கரணம் போடுவார், கத்துவார். அந்தக் காலத்து நோ டவுட் ஒரு கறுப்பு இளைஞனின் கூச்சலைச் சுற்றி அமைந்த குழு. 1987 டிசம்பரில், ஒரு முக்கியமான நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன்னால், ஸ்பென்ஸ் தற்கொலை செய்துகொண்டார். குழு கலைந்துவிடுவது என்று முடிவெடுத்து, சில வாரங்களில் மனம் மாறியது. டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நாள் முன்னால் நின்று பாடினார். அவரும் போனபிறகு நடுவில் வந்து நின்றது க்வென்.

இதுதான் முதல் மாற்றம். கத்தும் குரல் போய் அந்த இடத்தில் வழுக்கும், விம்மும், திடீரென்று கீச்சிடும் குரல் வந்தது. க்வெனுடைய குரலைப் பிடிக்காதவர்கள் உண்டு. ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அவர் நடுக்கி இழுப்பது சிலருக்கு எரிச்சல். எனக்கு அந்த நடுக்கம்தான் இந்தக் குழுவின் முகவரி. ஸ்கா வாசித்தாலும் சரி, ஜமைக்காவின் பிற்கால ஆட்ட இசையான டான்ஸ்ஹால் வாசித்தாலும் சரி, நாலு நொடியில் ஆளைச் சொல்லிவிடும்.

1987இலேயே பேஸ் கிடாருக்கு டோனி கனால் வந்துவிட்டார். லண்டனில் பிறந்தவர், பெற்றோர் இந்தியர்கள், 11 வயதில் அனஹைம் வந்தவர். வந்த கொஞ்ச நாளில் அவருக்கும் க்வெனுக்கும் காதல். தொண்ணூறுகளில் க்வென் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வீடியோக்களில் வந்தார் இல்லையா, அது டோனியின் அம்மாவைப் பார்த்து வந்த பழக்கம். பிறகு அது உலக ஃபேஷனாகிக் கடைகளில் அட்டை அட்டையாக விற்றது வேறு கதை.

1988இல் டாம் டூமான்ட் கிடாருக்கு வந்தார். ஹெவி மெட்டல் வாசித்துப் பழகியவர். 1989இல் டிரம்ஸுக்கு ஏட்ரியன் யங். இந்த இரண்டு பேருடைய வரவை ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் நோ டவுட்டின் ‘பங்க்’ பாதி இவர்களிடம் இருந்து வந்தது என்பது என் கணக்கு. மேட்னஸ் பாணியில் துள்ளிக்கொண்டிருந்த கிடாரில் டாம் கனம் ஏற்றினார். மென்மையான பல்லவிக்குப் பின் திடீரென்று சுவர் மாதிரி எழும் அந்தக் கிடார், மெட்டல்காரன் ஸ்கா வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

தோற்ற ஆல்பம்

1992 மார்ச்சில் முதல் ஆல்பம், குழுவின் பெயரிலேயே, இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் இருந்து வந்தது. நேரம் சரியில்லை. முந்தின செப்டம்பரில்தான் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வெளியாகி அமெரிக்க வானொலி முழுக்க கிரஞ்ச் என்கிற இருண்ட, கனமான ராக்கின் மேகம் சூழ்ந்திருந்தது. அந்த இருட்டுக்கு நடுவே டிரம்பெட்டும் பியானோவும் வைத்துச் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஒரு ஆல்பம். 30,000 பிரதிகள் விற்றது. லாஸ் ஏஞ்சல்ஸின் கேராக் வானொலியில் ஒரு தரம் ஒலித்துவிட வேண்டும் என்பது குழுவின் கனவு. கடவுளே இறங்கி வந்தால்தான் இவர்கள் பாட்டு வானொலியில் வரும் என்கிற தொனியில் அங்கிருந்து பதில் வந்தது. சுற்றுப்பயணத்துக்கு நிறுவனம் காசு தரவில்லை. சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள்.

அந்த ஆல்பம் முழுக்க எரிக்கின் மூளை. கார்ட்டூன் படம் பார்ப்பது மாதிரியான துண்டு துண்டான திருப்பங்கள், ஒரு பாட்டுக்குள் நாலு பாட்டுக்கான யோசனைகள். கெட்டிக்காரத்தனம் நிறைய. நினைவில் நிற்கும் மெட்டு குறைவு. தோல்விக்கு கிரஞ்சை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஆல்பத்துக்கு மேத்யூ வைல்டர் என்ற தயாரிப்பாளரை நிறுவனம் கொண்டுவந்தது. பாப் இசையில் பழகிய கை. தான் கட்டிய வீட்டில் வெளியாள் ஒருவர் சுவரை இடிப்பதை எரிக்கால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1994இல் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு முழுதாக விலகி, ‘சிம்ப்சன்ஸ்’ தொடருக்கு அனிமேஷன் வரையப் போய்விட்டார். இசையிலேயே கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த மனிதர் நிஜமாகவே கார்ட்டூனுக்குப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அதே 1994இல் டோனி க்வெனோடு ஏழு வருடக் காதலை முடித்துக்கொண்டார். குழுவை விட்டு அவர் போகவில்லை. பேஸ் கிடாரோடு அதே அறையில்தான் இருந்தார்.

அதுவரை குழுவின் பாடல்களை எழுதும் கை எரிக்குடையது. அது போனபிறகு யாராவது எழுதியாக வேண்டும். க்வென் எழுத உட்கார்ந்தார். கையில் இருந்த பொருள் ஒன்றே ஒன்று, உடைந்த மனம். அண்ணன் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர் தன் சொந்தக் கதையை நேரடியாக எழுதினார். அடுத்து வந்த ஆல்பம் அதனால் அத்தனை பேரைத் தொட்டது என்றால் அது மிகையில்லை.

நிறுவனம் இழுத்தடித்த இடைவெளியில் இன்னொன்று நடந்தது. எரிக் தங்கியிருந்த பீக்கன் தெரு வீட்டின் கார் கொட்டகையில் பதிவுசெய்த பாடல்களை 1995இல் ‘தி பீக்கன் ஸ்ட்ரீட் கலெக்‌ஷன்’ என்று குழுவே வெளியிட்டது. கரடுமுரடான தட்டு. சுத்தமான ஸ்கா-பங்க் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், புகழ்பெற்ற அடுத்த ஆல்பத்தை அல்ல. பெரிய நிறுவனத்தின் முதல் ஆல்பத்தைவிட அதிகமாகவும் விற்றது. இன்டர்ஸ்கோப்புக்கு ஒரு தட்டு தட்டியது போல இருந்திருக்கும்.

புழு விழுந்த ஆரஞ்சு

‘டிராஜிக் கிங்டம்’ 1995 அக்டோபர் 10 அன்று வெளியானது. இன்டர்ஸ்கோப்போடு தொடர்புடைய டிராமா ரெக்கார்ட்ஸ் வழியாக. 1993 மார்ச்சில் தொடங்கி 11 ஸ்டூடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவான ஆல்பம். தலைப்பே டிஸ்னிலேண்டின் ‘மேஜிக் கிங்டம்’ என்ற பெயரை முறுக்கியது. அட்டையில் சிவப்பு உடையில் க்வென், கையில் ஆரஞ்சு. பின்னால் பழத்தோட்டத்தில் மற்றவர்கள். விலகிவிட்ட எரிக்கும் அங்கே நிற்கிறார், வேறு பக்கம் பார்த்தபடி. குடும்பப் புகைப்படத்தில் கோபித்துக்கொண்டு நிற்கும் மாமா மாதிரி. (அந்தச் சிவப்பு உடை பின்னால் ஃபுல்லர்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2005இல் களவுபோனது.)

இந்த ஆல்பத்தில் ஒலி எப்படிப் பிரிகிறது என்று பாட்டு பாட்டாகப் பார்க்க வேண்டும். ‘ஜஸ்ட் எ கேர்ள்’ முதலில் ஹிட் ஆனது. டோனி வீட்டிலிருந்து இரவில் நேரம் கழித்துத் தனியாகக் கார் ஓட்டி வந்ததற்கு அப்பா திட்டியதில் பிறந்த பாட்டு. அதில் டாமின் கிடார் வாசிக்கும் சிறு வரி ஸ்கா கிடையாது, எண்பதுகளின் நியூ வேவ், அதாவது சிந்தஸைஸர் வாடை அடிக்கும் பாப்-ராக். அடுத்து ‘ஸ்பைடர்வெப்ஸ்’. ஸ்கா-பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் பாட்டு இது. ஊது வாத்தியங்கள் கதவைத் திறக்கும், சரணத்தில் ரெகே நடை, பல்லவியில் பங்க் பாய்ச்சல். தொலைபேசியில் கூப்பிட்டு மோசமான கவிதை வாசித்துத் தொல்லை கொடுத்த ஓர் ஆளைத் தவிர்ப்பது பொருள். ‘சண்டே மார்னிங்’கில் அரை இடத்து அடி நின்று நிதானமாக வரும். அப்புறம் அந்த ‘டோன்ட் ஸ்பீக்’.

‘டோன்ட் ஸ்பீக்’ முதலில் எரிக் போட்ட ஒரு மென்மையான காதல் பாட்டு. முறிவுக்குப் பிறகு க்வென் அதைத் திருத்தித் திருத்தி விடைபெறும் பாட்டாக மாற்றினார். ஆக, அந்தப் பாட்டில் போய்விட்ட அண்ணனும் இருக்கிறார், போகாமல் நிற்கும் பழைய காதலனும் இருக்கிறார். சுற்றுப்பயணம் இரண்டு வருடத்துக்கு மேல் நீண்டது. ஒவ்வோர் இரவும் தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகைக்குத் தானே பேஸ் வாசித்துக்கொண்டு டோனி மேடையில் நின்றார். இந்தக் குழுவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஸ்கா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இப்படி ஒரு பாட்டைத் தட்டில் சேர்க்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்?

வீடியோவில் இன்னொரு கதை. புகைப்படக்காரர்கள் க்வெனை மட்டும் எடுக்கிறார்கள், மற்ற மூவர் ஓரமாக நிற்கிறார்கள். அது நடிப்பு மட்டுமல்ல. பத்திரிகை அட்டைகளில் அப்போது நிஜமாகவே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

எண்கள்: ஆல்பம் 1996 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலின் உச்சிக்குப் போய், விட்டுவிட்டு 9 வாரம் அங்கே இருந்தது. ‘டோன்ட் ஸ்பீக்’ கடைகளில் தனித் தட்டாக வரவில்லை. அன்றைய விதிப்படி அதனால் தனிப் பாடல்களுக்கான ஹாட் 100 பட்டியலில் அதற்கு இடமே கிடையாது. வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் மட்டும் 16 வாரம் முதலிடம். ஆல்பத்துக்கு அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிக்கான டைமண்ட் சான்று 1999இல் வந்தது. 1997 கிராமி விருதுகளில் ‘சிறந்த புதிய கலைஞர்’ பிரிவில் பரிந்துரை வேறு. குழு தொடங்கிப் பத்து வருடம் கழிந்திருந்தது.

படத்தில் இல்லாத இருவர்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோ டவுட் என்றால் நாலு பேர்: க்வென், டோனி, டாம், ஏட்ரியன். ஆனால் தொண்ணூறுகளில் இருந்து மேடையில் ஆறு பேர் இருக்கிறார்கள். டிராம்போனும் கீபோர்டும் வாசிக்கும் கேப்ரியல் மெக்னேர், டிரம்பெட் வாசிக்கும் ஸ்டீஃபன் பிராட்லி. இருவரும் கறுப்பர்கள். அதிகாரபூர்வ உறுப்பினர்கள் இல்லை. ஆல்பத்தின் அட்டையில் இல்லை, விளம்பரப் படங்களில் இல்லை.

ஸ்காவில் ஊது வாத்தியம் நகை அல்ல, எலும்பு. பாட்டு எழுதும் அறையில் டிராம்போன்காரர் உட்கார்ந்திருந்தால் மெட்டே டிராம்போனுக்கு வசதியாகப் பிறக்கும். அவர் வெளியில் இருந்து வந்து வாசித்துவிட்டுப் போகிறவர் என்றால், முடிந்த பாட்டின்மேல் தூவும் கொத்தமல்லி அவ்வளவுதான். எரிக் போனபிறகு பாடல் எழுதியவர்கள் பெரும்பாலும் க்வென், டோனி, டாம். குரல், பேஸ், கிடார். அந்த மூவரிடமிருந்து ஸ்கா குறைந்துகொண்டே போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ‘காசுக்காக மாறினார்கள்’ என்று சொல்கிறவர்கள் இந்தச் சாதாரண விஷயத்தை ஏனோ பார்ப்பதில்லை.

மங்கு சனி, பொங்கு சனி

அடுத்த ஆல்பம் வர 2000 ஏப்ரல் ஆனது. தலைப்பு ‘ரிட்டர்ன் ஆஃப் சாட்டர்ன்’. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சனி ஒரு சுற்று முடிக்கக் கிட்டத்தட்ட முப்பது வருடம். முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்பது நம் ஊர்ப் பழமொழி. மேல்நாட்டு ஜோசியத்திலும் இதே கணக்கு உண்டு. பிறந்தபோது இருந்த இடத்துக்கு சனி திரும்பும்போது மனிதன் தன் வாழ்க்கையை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பானாம். க்வெனுக்கு அப்போது முப்பது.

தயாரிப்பு க்ளென் பேலார்ட். பாடல்கள் முழுக்கக் கல்யாணம், குழந்தை, வயது, பொறாமை. புஷ் குழுவின் கேவின் ராஸ்டேலோடு அவருக்கு இருந்த அலைக்கழிப்பான உறவு பின்னணி. ராக் மேடையில் குதித்துக்கொண்டிருந்த பெண் ‘எனக்கு ஒரு வீடும் குழந்தையும் வேண்டும்போல இருக்கிறதே, இது என்ன அசிங்கமா?’ என்கிற தொனியில் கேட்கிறார். ‘சிம்பிள் கைண்ட் ஆஃப் லைஃப்’ அவர் ஒருவரே எழுதியது. குழுவின் மிகச் சிறந்த எழுத்து அது என்பேன். ‘பாத்வாட்டர்’ தவிர ஊது வாத்தியங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஸ்கா கிட்டத்தட்டக் காணாமல் போனது. எண்பதுகளின் நியூ வேவ் ஒலி முன்னால் வந்தது.

பட்டியலில் 2ஆம் இடத்தில் நுழைந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. முந்தைய கோடியோடு ஒப்பிட்டால் சறுக்கல். சந்தைக்காக மாறும் குழுவாக இருந்திருந்தால் ‘டோன்ட் ஸ்பீக்’ மாதிரி இன்னும் மூன்று போட்டிருப்பார்கள். அதைச் செய்யவில்லை. அதே சமயம் ஆரஞ்ச் கவுண்டியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் கிளம்பிய மற்ற ஸ்கா-பங்க் குழுக்களுக்கு 1998, 99 வாக்கிலேயே வானொலி கதவைச் சாத்திவிட்டிருந்தது. டிரம்பெட்டோடு நின்றவர்களில் பலர் பழைய அரங்குகளுக்குத் திரும்பிப் போனார்கள். விசுவாசமான ரசிகர்களோடு அங்கேயே காலம் தள்ளினார்கள் என்றும் சொல்லலாம், அது ஒன்றும் கேவலமான வாழ்க்கை இல்லை.

போர்ட் அன்டோனியோ, 2001

அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் விருந்து நடக்கும். அங்கே ஓடியது ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசை. ஆடி ஆடிப் பழகி, ‘நாம் ஏன் இப்படி ஒன்று செய்யக்கூடாது?’ என்ற இடத்துக்கு வந்தார்கள். 2001இல் ஜமைக்காவின் போர்ட் அன்டோனியோவுக்குப் போய்ப் பதிவுசெய்தார்கள்.

அறைக்குள் வந்த ஆட்களைப் பாருங்கள். ஸ்லை டன்பார் டிரம்ஸ், ராபி ஷேக்ஸ்பியர் பேஸ். பீட்டர் டாஷ், பிளாக் உஹுரு, கிரேஸ் ஜோன்ஸ் என்று எத்தனையோ பேருக்கு முதுகெலும்பாக இருந்த இரட்டையர். ஸ்டீலி அண்ட் க்ளீவி இன்னொரு இரட்டையர். குரலுக்கு டான்ஸ்ஹால் பாடகர்கள் பவுன்டி கில்லர், லேடி ஸா. அமெரிக்கப் பக்கத்தில் தயாரிப்பாளர் இரட்டையர் நெப்டியூன்ஸ், பாடகர் பிரின்ஸ், கார்ஸ் குழுவின் ரிக் ஓகாசெக். வந்த ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ராக் ஸ்டெடி’. முன்னால் சொன்னேனே, ஸ்காவுக்கும் ரெகேவுக்கும் நடுவில் இரண்டே வருடம் வாழ்ந்த அந்த இசையின் பெயர்.

ரசிகர்களில் ஒரு பகுதி இதைத்தான் உச்சகட்டத் துரோகம் என்றது. கணினித் தாளம், சிந்தஸைஸர், டிரம்பெட் எங்கே என்று. இங்கேதான் நான் அவர்களோடு முழுதாக முரண்படுகிறேன். 1985இல் ஜமைக்கப் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் தயாரிப்பாளர் கிங் ஜாமியும் ஒரு சாதாரண கேசியோ கீபோர்டில் தயாராக இருந்த தாளத்தை வைத்து ‘ஸ்லெங் டெங்’ போட்டார்கள். அன்றைக்கே ஜமைக்காவின் இசை கணினிக்கு மாறிவிட்டது. 2001இல் கிங்ஸ்டன் தெருவில் ஆடிய பையனுக்கு ஸ்கா தாத்தா காலத்துப் பாட்டு. 1964இன் ஊது வாத்தியங்களைக் கலிபோர்னியாவில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது ஒரு மரியாதை என்றால், 2001இன் ஜமைக்காவைத் தேடிப்போய் அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து வாசிப்பது இன்னொரு மரியாதை. ஸ்காவை விட்டபிறகுதான் இந்தக் குழு ஸ்கா பிறந்த மண்ணில் போய் நின்றது.

‘அன்டர்னீத் இட் ஆல்’ கேட்டால் இது புரியும். அரை இடத்து அடி அப்படியே இருக்கிறது, வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. ராபியின் ஊரில் போய் டோனி பேஸ் வாசிப்பதில் ஓர் அடக்கம் தெரிகிறது. சத்தம் குறைவு, இடைவெளி அதிகம். ‘ஹே பேபி’, ‘அன்டர்னீத் இட் ஆல்’ இரண்டும் அடுத்தடுத்த வருடங்களில், 2003இலும் 2004இலும், பாப் குழுவுக்கான கிராமி வாங்கின. லேடி ஸாவுக்கும் அதில் பங்கு.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. பணமும் நிறுவனமும் பின்னால் இருக்கும் கலிபோர்னியாக்காரர்கள் தீவுக்குப் போய் இசையை எடுத்து வருகிறார்கள், யாருக்கு லாபம் என்ற கேள்வி. பொட்டு, டான்ஸ்ஹால் என்று எதையும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் அந்தச் சுதந்திரம் 2012இல் சுவரில் மோதியது. ‘லுக்கிங் ஹாட்’ வீடியோவில் கௌபாய்களும் அமெரிக்கப் பூர்வகுடிகளுமாக வேடம் கட்டி நடித்தார்கள். கண்டனம் எழுந்ததும் வெளியான கையோடு எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஜமைக்காவில் அந்த இசைக்குச் சொந்தக்காரர்கள் அறைக்குள்ளேயே இருந்தார்கள், பெயரோடு பாடினார்கள். இந்த வீடியோவில் மற்றவர்களின் வாழ்க்கை வெறும் உடுப்பாக இருந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆள் இல்லாத அறை

2003இல் ஒரு தொகுப்பு, அதில் டாக் டாக் குழுவின் ‘இட்ஸ் மை லைஃப்’ பாட்டைத் திரும்பப் பாடியது பெரிய ஹிட். 2004இல் க்வென் தனி ஆல்பம். அதிலிருந்து குழு ஒரு பெயர்ப்பலகையாகிவிட்டது. 2009இல் புதிய பாட்டு எதுவும் இல்லாமலே சுற்றுப்பயணம் போனார்கள், சேர்ந்து வாசித்தால் எழுத வரும் என்ற நம்பிக்கையில். அதே வருடம் ‘பேண்ட் ஹீரோ’ என்ற வீடியோ கேமில் தங்கள் உருவங்களை மற்றவர்களின் பாட்டுக்கு ஆட விட்டதாக அதை வெளியிட்ட ஆக்டிவிஷன் நிறுவனம் மீது வழக்குப் போட்டார்கள். 2012இல் சமரசமானது. குழு வாசிக்காத காலத்தில் அதன் பொம்மைகள் வாசித்துக்கொண்டிருந்தன.

2012 செப்டம்பரில் ‘புஷ் அண்ட் ஷவ்’. முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் பதினோரு வருட இடைவெளி. 3ஆம் இடத்தில் நுழைந்து சீக்கிரமே இறங்கிப்போனது. கெட்ட ஆல்பம் இல்லை. தலைப்புப் பாட்டில் மின்னணு நடன இசைக் குழுவான மேஜர் லேஸரும் ஜமைக்கப் பாடகர் பிஸி சிக்னலும் வருகிறார்கள், கிங்ஸ்டன் வாடை கொஞ்சம் அடிக்கிறது. ஆனால் எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் போல இருக்கிறது, சமைத்த அடையாளம் இல்லை. யாரும் யாரோடும் சண்டை போட்ட தடம் தெரியவில்லை. சண்டையில் பிறந்த குழுவுக்கு அது பெரிய குறை.

இதற்குப் பிறகு நடந்த ஒன்று என் வாதத்துக்குச் சாட்சி. டோனி, டாம், ஏட்ரியன் மூவரும் ஏஎஃப்ஐ குழுவின் பாடகர் டேவி ஹாவோக்கோடு சேர்ந்து ட்ரீம்கார் என்ற குழுவைத் தொடங்கி 2017இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்த கதை, க்வென் பாப் பக்கம் இழுத்தார், மற்ற மூவரும் ஸ்காவுக்கு ஏங்கினார்கள் என்பது. க்வென் இல்லாத ட்ரீம்காரில் ஸ்கா எங்கே? தேடினாலும் கிடைக்காது. முழுக்க எண்பதுகளின் நியூ வேவ். அந்த மூவர் மனதில் இருந்தது அதுதான்.

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் நாலு பேரும் மீண்டும் ஒரே மேடையில் ஏறினார்கள். ‘பாத்வாட்டர்’ பாட்டுக்கு இளம் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ வந்து சேர்ந்து பாடினார். பாட்டு வந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை. க்வென் 54 வயதில் தரையில் விழுந்து தண்டால் எடுத்தார் என்று மறுநாள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். மேடையின் ஓரத்தில், முப்பது வருடமாக நிற்கும் அதே இடத்தில், கையில் டிராம்போனும் டிரம்பெட்டுமாக மெக்னேரும் பிராட்லியும் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.